இன்னாசிமுத்துவைக் குடிலுக்கு வரவழைத்த கதை

இனிமேல் கோயில் காரியத்துக்கு ஒரு குண்டூசி கூடக் குத்த மாட்டேன் என்று இன்னாசிமுத்து சபதம் போட்டது போன வருஷம் கிறிஸ்மஸ் அன்று மத்தியானம். இலையில் கறிக்குழம்பு ஊற்றுகிற நேரம். சபதம் போட அது ஏற்ற நேரம் இல்லைதான். ஆனால் ரோஷம் நேரம் பார்த்தா வருகிறது?

“ஒரு குண்டூசி கூட இல்ல அரசி. சொல்லிட்டேன்.”

“சரிங்க,” என்றாள் அவர் மனைவி அன்புக்கரசி.

“இருபத்திரண்டு வருஷமா குடில் கட்டின கை. இனிமே கட்டாது.”

“சரிங்க. எலும்பா வெக்கட்டுமா, கறியா வெக்கட்டுமா?”

“நான் இன்னா சொல்லிக்கினு இருக்கிறேன், நீ இன்னா கேக்குற?”

“கை கட்டாதுன்னு சொன்னீங்க. வாய் சாப்பிடும் இல்ல?”

சாப்பிட்டார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் சபதம் சபதம்தான்.

விஷயம் இதுதான். செஞ்சியில் அவர்கள் கோயிலில் வருஷா வருஷம் கிறிஸ்மஸ் குடில் கட்டுவது இன்னாசிமுத்துதான். சிமெண்ட் மூட்டைக் காகிதத்தை மைதாப் பசையில் நனைத்துக் கசக்கி மலை செய்வார். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல் விரிப்பார். வைக்கோல் கூரை, பஞ்சு ஆடு, கண்ணாடித் துண்டில் ஒரு குளம். ஜனங்கள் பூசை முடிந்து அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். போன வருஷமும் அப்படித்தான் நின்றார்கள். அப்போதுதான் ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர் மதலைமுத்து, கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இது பெத்லகேமாய்யா? மேல ஒரு கொடிமரம் நட்டா அப்படியே ராஜகிரிக் கோட்டை. உள்ள படுத்திருக்கிறது யாரு, ராஜா தேசிங்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். பாதர் கூட அங்கி கையால் வாயை மூடிக்கொண்டார். இன்னாசிமுத்துவுக்கு வலித்தது ஏன் என்றால், மதலைமுத்து சொன்னது உண்மை. பாறைமேல் பாறையாக, உருண்டையும் முண்டுமாக, அது ராஜகிரியேதான். பிறந்ததிலிருந்து கண்ணைத் திறந்தால் தெரிகிற மலை அது ஒன்றுதான். காகிதத்தைக் கசக்கினால் கை தானாக அங்கேதான் போகிறது. அதற்கு அவர் என்ன செய்வார்?

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், முடிந்ததும் வந்துவிடுவார். அவ்வளவுதான்.

இன்னாசிமுத்துவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவர் பஸ்ஸில் முப்பது வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஏறினால், டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். வேலை போனது, அந்தக் கண் போகவில்லை. இப்போது அது வீட்டுக்குள் வேலை செய்தது. பால்காரர் மேல் சந்தேகம். கரண்ட் மீட்டர் மேல் சந்தேகம். குக்கர் மூணு விசில் விட்டால், நாலு விட வேண்டியது ஏன் மூணோடு நின்றது என்று ஒரு சந்தேகம்.

“தோமையார் கூட ஒரே ஒரு தடவைதான் சந்தேகப்பட்டாருங்க,” என்பாள் அன்புக்கரசி. “உங்களுக்குக் காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு வேணும்.”

இந்த வருஷம் நவம்பர் முப்பது, கிறிஸ்மஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலம் தொடங்கின ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பாதரே வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். “குடிலு…” என்று ஆரம்பித்தார்.

“முட்டி வலி பாதர்,” என்றார் இன்னாசிமுத்து.

“கூடமாட ஆளு தரேன்.”

“கண்ணும் சரியா தெரியலை பாதர்.”

அப்போது ரோட்டில் போன பஸ்ஸின் நம்பரை உள்ளேயிருந்தே படித்து, “பத்து நிமிஷம் லேட்டு,” என்று சொல்லிவிட்டார். பாதர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போனார். அன்புக்கரசி வாசல்வரை போனாள். கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னாசிமுத்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். காதில் விழவில்லை.

“இன்னா சொன்னாரு?”

“ஜெபம் பண்ணிக்கச் சொன்னாரு.”

அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அன்புக்கரசி ஜெபம் பண்ணாத நாள் ஏது? அரிசி களையும்போதே ஒரு ஜெபமாலை முடித்துவிடுவாள்.

முதல் சந்தேகம் வந்தது டிசம்பர் மூணாந்தேதி, புதன்கிழமை, சோறு போடும்போது. அவள் விரல் நுனி பத்தும் பச்சையாக இருந்தது.

“கை இன்னா பச்சையா இருக்குது?”

“கொத்தமல்லித் தொவையல் அரைச்சேங்க.”

இலையில் பார்த்தார். ரசம், அப்பளம், வாழைக்காய் வறுவல். துவையல் இல்லை.

“தொவையல் எங்க?”

“பக்கத்து வீட்டு பக்ருன்னிசா அக்கா கேட்டாங்க. குடுத்துட்டேன்.”

மறுநாள் கை நீலமாக இருந்தது. வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டேன் என்றாள். கொடியில் வெள்ளை வேட்டியே இல்லை. அதற்கு மறுநாள் காவி. “காப்பிப்பொடி கொட்டிடுச்சுங்க.” அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். பொடி கழுத்து வரை இருந்தது. பரண்மேல் அவர் கட்டி வைத்திருந்த சிமெண்ட் காகிதக் கட்டு கரைந்துகொண்டே வந்தது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் அவர் போடும் மயில்துத்த டப்பாவின் மூடி மாறி மூடியிருந்தது. தூசியில் ஐந்து விரல் பதிந்திருந்தது.

இன்னாசிமுத்துவுக்கு முப்பது வருஷத்துச் சர்வீஸ் ரத்தம் சூடேறியது.

அப்புறம் டிக்கெட் கிடைத்தது.

முதல் டிக்கெட் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. பெண்களுக்கு இனாமாகக் கொடுக்கும் டவுன் பஸ் டிக்கெட். செஞ்சி, அனந்தபுரம், பகல் இரண்டு மணி பத்து நிமிஷம். அந்த நேரத்துக்கு அவள் சொல்லியிருந்தது, தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம், ஜெபமாலை. அனந்தபுரத்தில் என்ன ஜெபமாலை? இரண்டாவது டிக்கெட் செருப்பு விடுகிற இடத்தில் கிடந்தது. மூன்றாவது அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே இருந்தது.

கண்ணாடிக் கூட்டுக்குள் டிக்கெட் எப்படி வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. குற்றம் செய்தவர் எங்கேயாவது ஒரு தடயத்தை விட்டுவிட்டுத்தான் போவார் என்பது அவர் அனுபவம். மூன்றையும் வேத புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

நேரே பக்கத்து வீட்டு ஜகபர் அலியின் மரப்பட்டறைக்குப் போனார். பக்ருன்னிசா ஜகபர் அலியின் மனைவி. குடிலுக்கு வருஷா வருஷம் மரத்தூள் வருவது இந்தப் பட்டறையிலிருந்துதான்.

“பாய், இந்த வாரம் தூளு யாராவது வாங்கினாங்களா?”

“எனக்குத் தெரியாதுண்ணே. பட்டறைக்கு வர்றவங்க கதவு கேப்பாங்க, ஜன்னலு கேப்பாங்க. தூளு கேக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

“என் சம்சாரம் வந்தாளா?”

“தெரியாதுண்ணே.”

“உன் வீட்டுக்காரம்மா எடுத்துக் குடுத்தாங்களா?”

“சத்தியமா தெரியாதுண்ணே.”

மூன்றாவது தடவை தெரியாது என்றதும், பட்டறைக்குப் பின்னால் பாய் வளர்க்கும் சேவல் கூவியது. சீடர் மூன்று தடவை மறுத்ததும் சேவல் கூவிய கதையை வேதத்தில் படித்த ஆளுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னாசிமுத்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தார். பச்சை என்றால் புல். நீலம் என்றால் வானம். காவி என்றால் பாறை. ஆக, கோயிலில் குடில் வேலை நடக்கிறது. யார் கட்டுவது? மதலைமுத்து. அந்த ஆளைத் தவிர யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்? அதுவும் யார் பசையை வைத்து? யார் மயில்துத்தத்தை வைத்து? யார் மனைவியைக் கூலியாள் மாதிரி அனந்தபுரத்துக்கு அனுப்பி வைத்து?

கட்ட மாட்டேன் என்று சொன்னவர் அவர்தான். ஆனால் தான் கட்டாவிட்டால் கோயிலில் குடிலே இருக்காது, டிசம்பர் இருபத்தைந்து அன்று அந்த மூலை காலியாகக் கிடக்கும், ஜனங்கள் அதைப் பார்த்துத் தன்னைத் தேடுவார்கள் என்றுதான் ஒரு வருஷமாக உள்ளுக்குள் நம்பியிருந்தார். இப்போது அந்த மூலையில் வேறொருத்தர் மலை எழும்புகிறது. அன்று ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

மகள் ஜெயசீலி திண்டிவனத்திலிருந்து போன் பண்ணினாள். அவளிடம் பொதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“அம்மா நடவடிக்கை சரியில்லம்மா.”

“அப்படியா நைனா? அப்போ நேர்ல கேட்டா சொல்லாது. நீ பின்னாடியே போய்ப் பாரு.”

“நான் எதுக்குப் போகணும்?”

“போவாத அப்படின்னா. எனக்கு இன்னா வந்துச்சு.”

போக வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னபிறகு போகாமல் இருக்க அவரால் முடியுமா? வெள்ளிக்கிழமை மத்தியானம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மீனம்பாளின் பூக்கடைக்குப் பின்னால் தூண் மறைவில் நின்றார். மீனம்பாளுக்கு அவரை முப்பது வருஷமாகத் தெரியும்.

“இன்னா சார், மறுபடியும் செக்கிங்கா?”

“ஷ். மெதுவாப் பேசும்மா.”

“துண்டு கட்டினா தெரியாதுன்னு நெனைச்சீங்களா? அந்த மீசையை எங்க வெச்சு மறைப்பீங்க?”

அனந்தபுரம் பஸ் உள்ளே திரும்பியது. படிக்கட்டில் நின்றிருந்த ஒரு ஆள் தூணையும் துண்டையும் மீசையையும் பார்த்தான். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே குதித்து, கக்கூஸ் பக்கமாக ஓடியே போய்விட்டான். இன்னாசிமுத்துவின் கால் தானாக அவன் பின்னால் போகப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். இன்றைக்குப் பெரிய கேசு.

அன்புக்கரசி இறங்கினாள். இடுப்பில் ஒரு சாக்கு மூட்டை. மூட்டை வாயில் வைக்கோல் எட்டிப் பார்த்தது. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடந்தாள். அவரும் நடந்தார்.

அவள் மெதுவாகத்தான் போனாள். குற்றமுள்ள நெஞ்சு காலைப் பிடித்து இழுக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். பஜாரில் ஒரு டிராக்டர் குறுக்கே வந்து அவரை மறித்துவிட்டது. தப்பித்துவிட்டாள் என்று பதறி எட்டிப் பார்த்தால், அவள் அந்தப் பக்கம் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். டிராக்டர் நகர்ந்தது. வாரும் சரியாகிவிட்டது. நல்லவேளை என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

கோயில் பக்கவாசலில் நுழைந்தாள். அவர் நூறு எண்ணினார். வேத புத்தகத்திலிருந்து எடுத்து வந்த மூன்று டிக்கெட்டையும் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கையில் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறுகிற அதே மிடுக்கோடு உள்ளே போனார்.

“யாரும் அசையக் கூடாது,” என்றுதான் சொல்ல வந்தார். வாயில் வந்தது வேறு.

“இன்னாய்யா இது?”

பீடத்துக்கு இடது பக்க மூலையில் ஒரு மலை இருந்தது. மலை என்றால் கவிழ்த்துப் போட்ட பிரியாணி அண்டா. ஒரு முண்டு இல்லை, ஒரு மடிப்பு இல்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் களிமண்ணில் செய்த ஒரு மிருகம் நின்றது. அதற்கு மடி இருந்ததால் பசு என்று தெரிந்தது. மூஞ்சி பன்றி. பக்ருன்னிசா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இடையர் சுரூபப் பொம்மைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். நடுவில், முழங்கை வரை பசையோடு, மதலைமுத்து நின்றார்.

“வாய்யா இன்னாசி,” என்றார் அவர். “வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துச் செஞ்சேன். அசல் பெத்லகேம்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அசல் பெத்லகேம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நடுவில் உள்வாங்கியது.

“ரெண்டு நாளா இதேதாங்க,” என்றாள் அன்புக்கரசி. அவரைப் பார்த்து ஆச்சரியமே படவில்லை. “காலைல நிக்குது, மத்தியானம் உக்காந்துடுது.”

“உக்காராம இன்னா பண்ணும்? உள்ள குச்சி குடுத்தீங்களா?”

“குச்சியா?”

“பசையில எவ்ளோ துத்தம் போட்டீங்க?”

“ஒரு கைப்பிடி போட்டேங்க.”

“கைப்பிடியா! அது இன்னா பொங்கலா? காகிதத்தைக் காய வெச்சுக் கசக்கினீங்களா, கசக்கிக் காய வெச்சீங்களா?”

மதலைமுத்து பசைக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“இதோ பாருங்க,” என்றார் இன்னாசிமுத்து. “நான் கட்ட வரலை. என் சபதம் சபதம்தான். எப்படிக் கட்டக் கூடாதுன்னு காட்டிட்டு மட்டும் போறேன்.”

அண்டாவைப் பிரித்துக் காட்டினார். பிரித்தது அப்படியே கிடக்கக் கூடாது என்று குச்சி நட்டுக் காட்டினார். குச்சி நிற்க ஆணி அடித்துக் காட்டினார். வேட்டியை எப்போது மடித்துக் கட்டினார் என்று அவருக்கே தெரியாது. கை பசைக்குள் இறங்கி, காகிதம் கசங்கி, முதல் பாறை உருண்டு எழுந்தபோதுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. கை நின்றது. வந்த பாறை ராஜகிரிப் பாறை. மதலைமுத்துவைத் திரும்பிப் பார்க்காமல் அதை நசுக்கப் போனார்.

“நசுக்காதய்யா,” என்றார் மதலைமுத்து. குரல் தணிந்திருந்தது. “நானும் பத்து நாளா பெத்லகேம் பெத்லகேம்னு தலைகீழா நின்னு பார்த்துட்டேன். வரலை. நமக்கு வர்ற மலை அது ஒண்ணுதான் போல. அதையே கட்டு. ஆண்டவர் எங்க கூப்பிட்டாலும் வந்து பொறக்கிறவரு.”

இன்னாசிமுத்து மூக்கை உறிஞ்சினார். பசை வாசனைக்கு அப்படித்தான் உறிஞ்சத் தோன்றும்.

“அந்தக் காகிதத்தை எடு,” என்றார். “கனமானது. உச்சிப் பாறைக்கு வேணும்.”

“சபதம்…” என்று இழுத்தாள் பக்ருன்னிசா.

“அது குண்டூசிக்குத்தான் அக்கா,” என்றாள் அன்புக்கரசி. “ஆணிக்கு இல்ல.”

அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டு முடித்த கையோடு கோயிலுக்குப் போனார். மலை எழும்பியது. பாறைமேல் பாறை, நடுவில் படிக்கட்டு, அடிவாரத்தில் வைக்கோல் கூரை. மதலைமுத்து வானத்துக்கு நீலம் அடித்தார், அதில் அவர் கெட்டிக்காரர்தான். பசுவை மட்டும் இன்னாசிமுத்து களிமண்ணிலேயே திருத்திப் பார்த்துவிட்டு, முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டார்.

வீட்டில் அவர் பேச்சே மாறிப்போனது. “நான் மட்டும் அன்னிக்கு மோப்பம் புடிச்சு வரலைன்னா உங்க குடில் இன்னா ஆயிருக்கும்?” என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டார். அவளும் நாலு தடவையும், “கஷ்டம்தாங்க,” என்றாள்.

இருபத்துமூணாந்தேதி சாயந்திரம் கடைசி வேலை. உச்சிப் பாறைக்குக் கீழே ஒரு இடத்தில் கொஞ்சம் உள்ளீடு குறைந்தது. அடைக்கப் பழைய காகிதம் தேடி, பூசைச் சாமான்கள் வைக்கிற சக்ரீஸ்து அறையின் அலமாரியைத் திறந்தார். பாதரின் ஜெப அங்கிகளுக்குக் கீழே, சணல் கட்டிய ஒரு நோட்டீஸ் கட்டு இருந்தது. கிறிஸ்மஸ் விழா நோட்டீஸ். நாளைக்குப் பூசையில் கொடுக்க வேண்டியது. கட்டின்மேல் தூசி படிந்திருந்தது.

ஒன்றை உருவினார். பூசை நேரம், பாடல் குழு, கேக் கொடுப்பவர் என்று வரிசையாக இருந்தது. நாலாவது வரியில் விரல் நின்றது.

குடில் அமைப்பு: திரு. இன்னாசிமுத்து, திரு. மதலைமுத்து.

சந்தோஷமாகத்தான் இருந்தது. மறக்காமல் போட்டிருக்கிறார்களே. ஆனால் முப்பது வருஷத்துக் கண் ஒரு டிக்கெட்டைப் பார்த்தால் பெயரோடு நிற்காது, தேதிக்குப் போகும். போயிற்று. காகிதத்தின் அடியில், பொடி எழுத்தில், அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது: டிசம்பர் ஒண்ணு.

மறுபடி பார்த்தார். ஒண்ணுதான். அவருக்கு முதல் சந்தேகம் வந்ததே மூணாந்தேதி.

நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அன்புக்கரசி குடிலுக்கு முன்னால் மண்டியிட்டுப் பச்சைத் தூளைத் தூவிக்கொண்டிருந்தாள். விரல் பத்தும் பச்சை.

“அரசி.”

“சொல்லுங்க.”

“இது ஒண்ணாந்தேதி அச்சடிச்சது.”

“ஆமாங்க. பாதர்தான் பேரு போடலாமான்னு கேட்டாரு. போடுங்கன்னு சொல்லிட்டேன்.”

“எந்தப் பொம்பளையும் பஸ்ஸை விட்டு எறங்கினதும் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுடுவா.” அவர் குரல் மெல்ல இறங்கியது. “கண்ணாடிக் கூட்டுல யாரும் வைக்க மாட்டாங்க.”

“அது கொஞ்சம் அதிகமாப் போச்சுதான். ரெண்டு கெடைச்சும் நீங்க கெளம்பலையே.”

“பாய்? ஜெயசீலி? டிராயிங் மாஸ்டர் மலை?”

“பாய் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிடுச்சு. ஜெயசீலி சின்னதா ஒத்தாசை பண்ணா. மாஸ்டரு உங்ககிட்ட நேர்ல வந்து மன்னிப்பு கேக்க வெக்கப்பட்டாரு, அதுக்குப் பதிலா இந்த மலை.”

“அந்தப் பசு?”

“பசு நெஜமாவே எனக்கு வரலைங்க.”

இன்னாசிமுத்து குடிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒருவேளை நான் வராம இருந்திருந்தா? பேரு அச்சடிச்சு வெச்சுட்டு எந்த தைரியத்துல இருந்த?”

அவள் கையில் மிச்சமிருந்த தூளையும் தட்டிவிட்டு, குழந்தை சுரூபத்தைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஜெபம் பண்ணேங்க,” என்றாள். “பண்ணிட்டு, டிக்கெட்டைக் கீழ போட்டேன்.”